ஊதல்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அர்வோ கங்காஸ் தன் பிக்கப் வண்டியை
என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவான்.
ஸ்டீயரிங்குக்குக் கீழே சுருள்வடத்தில் தொங்கும்
கறுப்புக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்து
அவன் விட்ட மூச்சையெல்லாம் எண்ணுவது
என் வேலை.

ஊதினால்தான் இஞ்சின் உயிர்க்கும்.
பாதி வழியில் மறுபடி ஊது என்று கத்தும்.
ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளும்.
அறுபது நாள் அர்வோவைத் தொடர்ந்து பார்த்தால்
துருத்தி ஒன்றுக்குத் தாடி வளர்வதைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

வடக்கு மின்னசோட்டாவில் எல்லோர் நம்பர் தகட்டிலும்
ஓர் ஏரி இருக்கும், கரையில் மரங்கள் இருக்கும்.
அவன் தகடு மொட்டை வெள்ளை.
டபிள்யூவில் தொடங்கும்.
விஸ்கித் தகடு என்பார்கள் ஊரில்.
அதே வண்டியில் டார்லா பால் வாங்கப் போனாலும்
பெட்ரோல் பங்கில் நிற்பவர்கள்
முதலில் தகட்டை, பிறகு அவளை,
பிறகு வேறெங்கோ பார்ப்பார்கள்.
அவள் குடிப்பதே இல்லை.

நீதிபதி பேசியது மூன்றே நிமிடம் என்றான் ஒருமுறை.
அபராதத்துக்கு மான் துப்பாக்கி போயிற்று.
காப்பீட்டுக்காரன் மூன்று மடங்கு கேட்டான்,
பனி ஸ்கூட்டர் போயிற்று.
சிறையில் கழித்த வார இறுதிகளை அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
இரும்புச் சுரங்கத்தில்
வீடு உயரத்துக்கு நிற்கும் லாரியை ஓட்டியவன்
இப்போது அதே சுரங்கத்தின் ஆலையில்
தூசி கூட்டுகிறான்.
அதை எந்தச் சட்டப்பிரிவிலும் தேடாதீர்கள்.

இந்த முறை
ஜனவரி பத்தொன்பதில் வந்து நின்றது என் விரல்.
காலை ஆறு நாற்பத்தொன்று. அர்வோ.
புள்ளி பூஜ்யம் மூன்று ஒன்று.
நேற்றிரவின் மிச்சம்தான், புதிதல்ல.
ஆனால் மூச்சுக்கு நேற்று இன்று தெரியாது.
பூட்டிக்கொண்டது.

ஆறு நாற்பத்தேழு.
சுத்தம். சுழி சுழி சுழி.
படத்தில் காதை மூடிய கம்பளித் தொப்பி,
விழுந்த முன்பல்,
பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதுபோல்
உப்பிய இரண்டு கன்னம்.
கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை.
பக்கவாட்டில் யாரிடமோ
சரிதானே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அழிக்கும் பொத்தான் என் கணினியில் இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
இரண்டு இரவாக யோசிக்கிறேன்,
அது வேறு கதை.

காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி
திரையைப் பார்க்காமலே அர்வோ சொன்னான்:
"மைனஸ் முப்பத்தொண்ணு அன்னிக்கு.
ஸ்கூல் பஸ்ஸை விட்டுட்டான்."
நான் தலையாட்டினேன்.
கோப்பு அதற்குள் தலைநகரத்துக்குப் போய்விட்டிருந்தது.
தவணை மறுபடி முதலிலிருந்து ஓடும்.
பிள்ளையின் மூச்சைக் கடன் வாங்கியதற்குத்
தனியே ஒரு வழக்கு வரும்.
டார்லாவின் வக்கீலுக்கு
அந்தப் படத்தின் ஒரு பிரதி போதும்.

கருவியைத் திருத்தி மாட்டிய பிறகு
நானே ஒருமுறை ஊதிப் பார்க்கவேண்டும், விதி அது.
ஊதினேன். ஏற்கவில்லை.
மறுபடி ஊதினேன்.

முன் இருக்கையில் நீலோ உட்கார்ந்திருந்தான்,
மடியில் ஹாக்கி ஷூ.
பெரிய மனிதரின் பொறுமையோடு எனக்குச் சொல்லிக்கொடுத்தான்:
"சும்மா ஊதினா எடுத்துக்காது.
ஊதிக்கிட்டே உள்ளுக்குள்ள
ம்ம்ம்னு சத்தம் போடணும்.
முதல்ல எனக்கும் வரல."

அர்வோ ஷட்டரைத் தூக்கப் போனான்.
பாதி தூக்கியதுமே
ஊதல் காற்று தரையோடு ஊர்ந்து வந்து
எங்கள் மூவர் காலையும் தொட்டது.
அவன் திரும்பவில்லை.
நீலோ சொன்னபடியே ஊதினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.